பெருக்கினால்

பெருக்கினால் பெருகும் என்று
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,
மூன்றாம் வகுப்பில், இதே பிள்ளைகளுக்கு.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
வாய்பாடு கூரையில் முட்டித் திரும்பி வரும்.
அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

இப்போது ஐந்தாம் வகுப்பு.
ஆம்பூர், நகராட்சி நடுநிலைப் பள்ளி,
மூன்றாவது பீரியட்,
தோல் ஷாப் பக்கமிருந்து காற்று திரும்பும் நேரம்.
ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் வாடை.
பாதி திறந்து வைத்திருக்கிறோம்.

பலகையில் எழுதினேன்: அரை பெருக்கல் கால்.
மேலே உள்ளதை மேலே பெருக்கு,
கீழே உள்ளதைக் கீழே பெருக்கு.
முப்பத்தொரு நோட்டில்
முப்பத்தொரு எட்டில் ஒன்று.
எல்லாம் சரி.
யாருக்கும் எதுவும் புரியவில்லை.

ஃபர்ஹீன் எழுந்து நின்றாள்.
"கால் பெருசா டீச்சர், எட்டுல ஒண்ணு பெருசா?"
"கால்தான்."
"அப்ப பெருக்கியும் ஏன் கொறஞ்சிச்சி?"

பயிற்சியில் தந்த கையேட்டில்
இதற்கு ஒரு பீட்சா வரைந்திருந்தார்கள்.
பீட்சா ஒரே ஒரு முறை சாப்பிட்டிருக்கிறேன், வேலூரில்.
ஆறாய் வெட்டி வந்தது.
நாங்கள் நாலு பேர்.

சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றேன்.
கடைசி பெஞ்சில் ஜெபசீலன்,
இன்று வகுப்பைப் பெருக்கும் முறை அவனுக்கு,
துடைப்பம் இன்னும் காலடியில்,
எழுந்திருக்காமலே சொன்னான்:
"பெருக்கனா கொறையும் டீச்சர்.
குப்ப."

அடக்கப் பார்த்தேன்.
பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தபோது
நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.
இருபது வருஷமாய் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதுகிறேன்,
இருபது வருஷமாய் வீட்டையும் பெருக்குகிறேன்.
இரண்டையும் ஒருநாளும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

மேஜைக்குள் நகைக்கடை நோட்டீஸ் ஒரு கட்டு கிடந்தது.
ஆளுக்கொன்று.
நீளவாக்கில் நாலாய் மடி, ஒரு காலுக்கு மஞ்சள் அடி.
இப்போது குறுக்கே பாதியாய் மடி.
அந்த மஞ்சளில் பாதிக்கு மட்டும் நீலம்.
பிரி.
எட்டுக் கட்டம். ஒன்று மட்டும் பச்சை.
"பெருக்கல்னு சொல்லாதீங்க,
காலில் அரைன்னு சொல்லுங்க.
பழைய கணக்குல இதுக்குப் பேரே அரைக்கால்."
"டவுசரா டீச்சர்?"
அவன் போட்டிருந்ததும் அதுதான்.

ஃபர்ஹீன் சிரிக்கவில்லை.
நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஆதா பாவ்."
தமிழ்ல சொல்லு என்பேன் எப்போதும்.
இன்று சொல்லவில்லை.
"அம்மி கடையில கேப்பாங்க, கீமா ஆதா பாவ்.
பாவ்ல ஆதா.
நூத்தியிருபத்தஞ்சு கிராம்."

பிறகு அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
அந்தப் பச்சைக் கட்டத்தைக் கிழித்தெடுத்து
அஞ்சாய் மடிக்கத் தொடங்கினாள்.
வீட்டில் அஞ்சு பேர்.
அஞ்சாய் மடிப்பது கஷ்டம்,
என் விரலுக்கும் வராது.
எட்டில் ஒன்றில் ஐந்தில் ஒன்று,
நாற்பதில் ஒன்று என்று நோட்டில் எழுதிவிட்டாள்,
காகிதத்தில்தான் ஒரு மடிப்பு அகலமாய்ப் போனது.
"சமமா வரல டீச்சர்."
"பரவாயில்லை."
"வீட்லயும் வராது," என்றாள்,
குறையாக அல்ல,
இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதுபோல.

மணி அடித்தது.
தரையெங்கும் கம்மலும் வளையலும் கிழிந்து கிடக்க
"பெருக்கவா டீச்சர்?" என்றான் ஜெபசீலன்,
நெஞ்சில் கை வைத்து, நாடகத்தில்போல.

ரயில் பச்சகுப்பம் தாண்டும்போதுதான் உறைத்தது.
திங்கட்கிழமை அரையால் வகுத்தல்.
நாலை அரையால் வகுத்தால் எட்டு.
ஃபர்ஹீன் எழுந்து நிற்பாள்.

வகுத்தால் குறையும் என்றும்
நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.